பிறப்புச் சான்றிதழில் ராணி

நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு கைப்பிடி கிள்ளினால் ஒரு வரி. தாளில் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அந்த வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியும். எந்த மனசில் என்ன இருக்கிறது என்றும் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி பெருக்கிக்கொண்டே போக வேண்டும். என்னைப் போல அடுத்த வீட்டுப் பாத்திரம் கழுவுகிற அக்கா தங்கச்சிகளுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்று இல்லை.

நான் ஆறாவது வரை படித்தவள். பிறந்தது மதுராந்தகம் பக்கம், கட்டிக்கொடுத்தது கடப்பாக்கத்தில். வீட்டுக்காரர் மஸ்கட்டில் எலக்ட்ரிக்கல் ஹெல்பர். பெண் குழந்தைக்கு இரண்டரை வயது. எனக்கு வெட்கம் அதிகம், கடைக்குப் போனாலும் சாமானை விரலால் காட்டிவிட்டு நிற்பேன். சில நாள் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை நான் பேசியது "பாலு குடி", "மண்ணத் துன்னாத" இந்த இரண்டும்தான்.

இரண்டு வருஷமாக லோர்னா அக்கா வீட்டில் வேலை. அக்காவுக்குச் சொந்த ஊர் பிலிப்பைன்ஸ். கப்பலில் சமையல்காரராக இருந்த செல்வம் அண்ணனைச் சிங்கப்பூரில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு, பதினைந்து வருஷமாகக் கடப்பாக்கத்தில் இருக்கிறார். அண்ணன் லீவில் வந்திருந்தபோது நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்கடுத்த மாசம்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். ஒரே மகள் ஜென்சி, பதினோரு வயது. பக்கத்து வீட்டில் அண்ணனுடைய அக்கா, கலா அக்கா. அவருக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஜென்சிக்குத் தலை பின்னுவது தினமும் அவர்தான்.

உதட்டால் காட்டிய துடைப்பம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். "துடைப்பம் எங்கே அக்கா?" என்று கேட்டேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து உதட்டைக் குவித்து வாசல் பக்கம் நீட்டினார். கோபமோ என்று நின்றேன். மறுபடியும் உதட்டைக் குவித்து வாசல் பக்கம். சரி, வெளியே போ என்கிறார், வேலை போச்சு என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் ஜென்சி வந்து கூட்டிப்போனாள். அவர்கள் ஊரில் எல்லோரும் உதட்டால்தான் திசை காட்டுவார்களாம். துடைப்பம் வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. லோர்னா அக்கா தமிழைக் கடப்பாக்கத்துத் தெருவில் கற்றவர், என்னைவிடச் சுத்தமாக இந்த ஊர்ப் பேச்சு பேசுவார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாடி பொண்ணு நீ, தொடப்பம் அங்க கீதுன்னு காட்னா, வேலைய வுட்டுட்டு ஓடிப்பூட்ட?"

பெயர் நீக்கல்

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் அக்கா ஊருக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். அங்கே அவருடைய அம்மா தனியாக இருக்கிறார், தங்கச்சி சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள், கடையில் வேலையும் இருக்கிறது. இங்கே அண்ணனும் இல்லை. "போயிட்டு வாங்க அக்கா" என்றேன். போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமாம், ஆனால் நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்க, இப்போது அவர் அந்த நாட்டுக் குடிமகள் இல்லையாம். எனக்கு விளங்கவில்லை. அங்கேயே பிறந்தவர் அந்த ஊர்க்காரி இல்லாமல் எப்படிப் போவார்?

எனக்குத் தெரிந்ததை வைத்துக் கேட்டேன். நான் கல்யாணமாகி வந்ததும் எங்கம்மா வீட்டு ரேஷன் கார்டில் என் பேரை எடுத்து, நீக்கல் சான்று வாங்கிவந்து இங்கே சேர்த்தார்கள். "அந்த மாதிரியா அக்கா? கல்யாணம் பண்ணதும் பேர எடுத்துட்டாங்களா?" அக்கா வெகுநேரம் சிரித்தார். அப்படி இல்லையாம். அவர்கள் சட்டத்தில் அந்நிய நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டாலும் பேர் அப்படியேதான் இருக்குமாம். ஆனால் இங்கே தங்குவதற்கு அனுமதி, அதைப் புதுப்பிக்க அலைச்சல் என்று வருஷம் தவறாமல் ஓடி ஓடிச் சலித்துப்போய், ஜென்சிக்கு ஐந்து வயதானபோது நம் நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டு வாங்கிவிட்டார். அப்படித் தானாக இன்னொரு நாட்டில் சேர்ந்துகொண்டால், அன்றைக்கே அந்த ஊர்க் குடியுரிமை போய்விடும். சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னார்: "கல்யாணம் பண்ணதால போவலடி தனம். பேஜாரா கீதுன்னு நானே கையெழுத்து போட்டேன், அதால பூடுச்சி."

வக்கீலிடம் காட்ட முடியாத சாட்சி

மதுராந்தகத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். ஃபைலைப் பிடித்துக்கொள்ள நான். என் குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஜென்சி. வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, போனது திரும்பக் கிடைக்கும் என்றார். பிறவியிலேயே அந்த நாட்டுக்காரியாக இருந்து, வேறு நாட்டில் சேர்ந்ததால் இழந்தவர்களுக்கு அவர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களைப் போலக் கெஞ்ச வேண்டாம். டில்லியில் அவர்கள் எம்பசிக்குப் போய், கையைத் தூக்கிச் சத்தியம் செய்தால் போதும்.

ஜென்சிக்கு அதுகூட வேண்டாமாம். அவர்களுக்குப் பிறந்த மண் கணக்கில்லை, ரத்தம்தான் கணக்கு. மதுராந்தகம் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தாலும், அவள் பிறந்த அன்றைக்கு அவள் அம்மா அந்த நாட்டுக்காரிதான், அதனால் அவளும் அப்போதே அந்த நாட்டுக்காரிதான், போய்ப் பதிந்துகொண்டால் சரி. ஆனால் நம் நாட்டில் இரண்டு வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அக்கா சத்தியம் செய்கிற அன்றைக்கு இங்கே இருக்கிற குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மகளுக்கும் இரண்டில் ஒன்றுதான்.

அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். வக்கீல் கடைசியாக, "எப்படிப் போனாலும் ஒண்ணு கட்டாயம் வேணும்மா, இந்தப் புள்ளைய பெத்தது நீங்கதான்னு ஒரு பேப்பர்" என்றார். அக்கா சேலைக்கு மேலே அடிவயிற்றைத் தட்டிக் காட்டிக் கேட்டார்: "ஆபரேசன் தழும்பு கீதே சார், அத்த ஜெராக்ஸ் எட்த்துனு வரட்டா?"

ஜெராக்ஸ் கடை

மறுநாள் பெட்டியிலிருந்து ஜென்சியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்து நாலு காப்பி எடுத்து வரச் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கையால் தமிழில் எழுதியது. செல்வம் அண்ணன் லேமினேஷன் செய்து வைத்திருந்தார். அக்காவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்குக் கையில் என்ன எழுத்து கிடைத்தாலும் படிக்கிற பழக்கம், மளிகை மடித்த பேப்பரையும் விடமாட்டேன். மெஷின் சூடாகிற வரைக்கும் அதைப் படித்தேன். குழந்தை பெயர் ஜென்சி. தந்தை பெயர் செல்வம். தாயார் பெயர் ராணி.

ராணி யார் என்று எனக்குத் தெரியும். அக்கா கல்யாணமாகி வந்தபோது லோர்னா என்கிற பேர் இங்கே யார் வாயிலும் நிற்கவில்லை. கலா அக்காவும் அவருடைய அம்மாவும் சேர்ந்து ராணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது, செல்வம் அண்ணனும் அப்படித்தான் கூப்பிட்டார். நான்தான் ஜென்சியிடம் கேட்டு நிஜப் பேரைச் சொல்லப் பழகினவள். ஆக, ஜென்சியைப் பெற்றது லோர்னா என்று அந்தக் காகிதத்தில் இல்லை. நான் அந்தக் காப்பியையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு கடைக்காரர் கேட்டார்: "இன்னாம்மா, எழுத்து சரியா வுழலியா?"

எட்டு நாள்

நாலு காப்பியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, இருந்தாலும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. நான் சொல்லாவிட்டால் அந்தக் காப்பி டில்லிக்குப் போகும். அங்கே யாராவது படித்துப் பார்த்து ராணி யார் என்று கேட்பார்கள். திரும்பி வரும். மறுபடி எழுத வேண்டும், மறுபடி அலைய வேண்டும், ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும். அதுவரை அக்கா இங்கேயே இருப்பார். காலையில் நான் போனதும் "வாடி, டீ குடிச்சிட்டு பெருக்கு" என்று சொல்ல ஒருத்தர் இருப்பார். நான் வாயே திறக்காமல் இருந்தால் போதும், அது எனக்கு ரொம்பச் சுலபமான வேலை.

எட்டு நாள் அந்த வீட்டைத் துடைத்த மாதிரி நான் எந்த வீட்டையும் துடைத்ததில்லை. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஏழாம் நாள் கலா அக்கா தலை பின்னிவிட வந்தவர், ஜென்சி பள்ளிக்கூடம் போனதும் கையில் சீப்போடு படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சான்றிதழ் விஷயம் ஒன்றும் தெரியாது. லோர்னா அக்கா டில்லிக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டார் என்பது மட்டும் தெரியும். என்னைப் பார்த்துச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது: "ரெண்டு பேரும் பூட்டா அப்பால இங்க நமக்கு இன்னாடி கீது? கடல்தான் கீது."

கரண்டிச் சத்தியம்

எட்டாம் நாள் மத்தியானம். டில்லியில் சொல்லவேண்டிய சத்தியத்தை இங்கிலீஷில் அச்சடித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார் அக்கா. அடுப்பில் வினிகரும் சோயா சாஸும் ஊற்றின கோழி கொதிக்கிறது. வலது கையைத் தூக்கிச் சொல்ல வேண்டுமாம், வலது கையில் கரண்டி. அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஜென்சி பெரிய ஆபீசர் மாதிரி மேடை மேல் உட்கார்ந்துகொண்டு, "தப்பு மம்மி, மறுபடி மொதல்ல இருந்து" என்கிறாள். குழம்பு அக்காவின் முழங்கை வழியாகச் சொட்டுகிறது. நான் தரையைத் துடைத்துக்கொண்டே, கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அக்கா யோசித்து யோசித்துத் தமிழில் சொன்னார். யாரும் வற்புறுத்தாமல் தானாக ஏற்றுக்கொள்வதாகவும், மனசுக்குள் எதையும் ஒளித்து வைக்கவில்லை, நழுவிப்போகிற எண்ணமும் இல்லை என்றும் அர்த்தமாம்.

துடைக்கிற துணியை அப்படியே வாளியில் போட்டேன். "அக்கா, ஜென்சி சர்டிபிகேட்டுல உங்க பேரு இல்ல" என்றேன். அவர் அடுப்பை அணைத்தார். லேமினேஷன் போட்ட தாளைக் கொண்டுவந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடம் என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். இரண்டே எழுத்து. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "எத்தினி நாளா தெரியும்?" என்றார். எட்டு நாளாக என்றேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன், அழுகையோடு பாதிதான் வெளியே வந்திருக்கும். எழுந்து போகச் சொல்வார் என்று வாளியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அக்கா என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "நான் இந்த ஊரு பாஸ்போர்ட்டுக்கு மாறுனது எங்கம்மாக்கு இன்னும் தெரியாதுடி. ஆறு வருசமாச்சி. நீ எட்டு நாள்லயே சொல்லிட்ட."

பேர் சொன்னவர்

டிக்கெட்டை ரத்து செய்தோம். ஜென்சி பிறந்தபோது செல்வம் அண்ணன் கப்பலில். ஆபரேஷன் மயக்கத்தில் அக்கா. நோட்டை எடுத்துக்கொண்டு வந்து தாயார் பேர் கேட்டபோது பக்கத்தில் நின்றது கலா அக்கா. வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லியிருக்கிறார், அவர் வாயில் நிற்கிற பேர் அதுதான். தப்பு யார் மேலும் இல்லை. ஆனால் இப்போது திருத்த வேண்டும் என்றால், அன்றைக்குத் தகவல் சொன்னவரே வந்து, அந்த ராணிதான் லோர்னா என்று எழுதிக் கொடுப்பது நல்லது, ஆஸ்பத்திரிச் சீட்டோடு வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

லோர்னா அக்கா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கலா அக்கா முழுசாகக் கேட்டார். பிறகு, "ராணி மாரி வந்து எறங்குன, ராணின்னு வெச்சோம். அது இப்போ பொய்யின்னு நான் எழுதித் தரணும். தந்தா புள்ள பூடும். அதான?" என்றார். கலா அக்கா எழுந்து வாசல் வரை போனவர், திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டி, படிக்கத் தெரிஞ்சா படிச்சிட்டு சும்மா கீறதுதான?"

ராணி இன்னு யாரும் இல்ல

ஐந்து நாள் அவர் வரவில்லை. ஜென்சி தானே தலையைப் பின்னிக்கொண்டு போனாள், வகிடு கோணலாக. லோர்னா அக்கா ஒரு தடவைகூட அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. "கேக்கக் கூடாதுடி, அவங்களா வரணும்" என்றார். ராத்திரி சாப்பாட்டில் ஒரு கிண்ணம் கலா அக்காவுக்கென்று தனியாக எடுத்து மூடி வைப்பார், காலையில் அதை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவோம்.

ஆறாம் நாள் வக்கீல் வரச் சொன்னதால் மதுராந்தகம் போகக் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் எங்களுக்கு முன்னால் கலா அக்கா நிற்கிறார். பட்டுப் புடவை, கையில் ஆதார் கார்டு. "இன்னா ஆடி அசைஞ்சி வரீங்க, பஸ்ஸு உங்க மாமனாருதா?" என்று எங்களைத்தான் திட்டினார். ஏன் மனசு மாறினார் என்று இன்றுவரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறப்புப் பதிவு ஆபீசில் பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரி கேட்டார், "தாயார் ராணின்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. அப்ப ராணி யாரு, இவங்க யாரு?" பஸ்ஸில் நான் சொல்லிக்கொடுத்த வாசகம் ஒன்று இருந்தது, மேற்படி ராணி என்பவரும் லோர்னா என்பவரும் ஒருவரே என்று. அதை அவர் சொல்லவே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ராணி இன்னு யாரும் இல்ல சார். இவதான் பெத்தா. வலி வந்தப்போ புட்ச்சிகினு கத்துனது என் கையத்தான், இந்தக் கைய."

விருந்தாளி

சில வாரத்தில் புதுச் சான்றிதழ் வந்தது. தாயார் பெயர் லோர்னா. அதை முதலில் வாசித்துக் காட்டியது நான், இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அக்காவும் ஜென்சியும் டில்லிக்குப் போனார்கள். கரண்டி இல்லாத கையைத் தூக்கி அக்கா சத்தியம் செய்தார், மகளையும் பதிந்துகொண்டார். அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டு ஆறு வருஷ விஷயத்தையும், திரும்பச் சேர்ந்த விஷயத்தையும் ஒரே மூச்சில் சொன்னாராம். அம்மா திட்டுவார் என்று பார்த்தால், என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் கேட்டாராம்.

திரும்பி வந்த அன்று வீட்டைக் கழுவி வைத்திருந்தேன். நம் நாட்டுப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கிற வேலை நடக்கிறது, ஊருக்குப் போகிற வரைக்கும் இங்கே தங்கக்கூட இனி அக்கா அனுமதி வாங்கவேண்டுமாம். பதினைந்து வருஷம் வாழ்ந்த வீட்டில். கலா அக்காவும் நானும் இதைக் கேட்டு அப்படியே நின்றோம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சமையலறைப் பக்கம் உதட்டைக் குவித்துக் காட்டிச் சொன்னார்: "இன்னா நின்னுகினு கீறீங்க ரெண்டு பேரும்? நான் இப்போ இந்த ஊருக்கு விருந்தாளி, டீ போட்டுக் குடுங்கடி."

இன்னும் பத்து நாளில் போகிறார்கள். மொத்தத்தில் எனக்கு விளங்கியது இதுதான் அக்கா தங்கச்சிகளே, ஒரு நாடு தன்னை விட்டுப் போனவளைக் கையைத் தூக்கச் சொல்லி நாலு வரி வாசிக்கவைத்து மறுபடி சேர்த்துக்கொள்கிறது, ஆனால் நாம் வேலை பார்த்த வீடு நம்மை விட்டுப் போனால் எந்த ஆபீசில் யாரிடம் போய்க் கையைத் தூக்கி... இருங்கள், கலா அக்கா தன் வீட்டிலிருந்து கூப்பிடுகிறார், என் பிள்ளை எழுந்துவிட்டதாம், அவர் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறதாம், நான் போய்...